அக்னி மூலையும் அண்ணாச்சியின் ஆண்டெனாவும்

டிவி ஆண்டெனாவைத் திருப்ப மூன்று பேர் வேண்டும். மாடியில் பைப்பைப் பிடிக்க ஒருவர், கூடத்தில் படத்தைப் பார்க்க ஒருவர், நடுவே மாடிப்படியில் நின்று செய்தி கடத்த ஒருவர். எண்பதுகளில் சிவகாசியில் ஒரு வீட்டில் மாடியில் அண்ணாச்சி, கூடத்தில் மதினி, படிக்கட்டில் பக்கத்து வீட்டு டவுசர் பையன். அந்தப் பையன்தான் வளர்ந்து இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார். கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும் முன்பே ஊரில் ரிலே ஸ்டேஷனாக வேலை பார்த்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

"ஏலே, தெரியுதான்னு கேளு!"

"மதினி, தெரியுதான்னு கேக்குறாரு!"

"தல தெரியுது. கழுத்துக்குக் கீழ ஒண்ணையும் காணோம்."

"அண்ணாச்சி, கழுத்தக் காணோமாம்!"

இந்தச் சேதி மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்திருக்கும், தலையும் போயிருக்கும். ஒருவழியாக "போதும் போதும், அப்படியே விடுங்க" என்று கீழிருந்து சத்தம் வரும். அண்ணாச்சி கையை எடுப்பார், படம் போய்விடும். மனித உடம்பும் மின்சாரம் கடத்தும் பொருள். பைப்பைப் பிடித்து நிற்பவர் ஆண்டெனாவின் ஓர் அங்கமாகிவிடுவார். இந்த இயற்பியல் எதுவும் தெரியாமலே மதினி தீர்வைச் சொல்லிவிட்டார்: "படம் முடியுற வரைக்கும் உங்க அண்ணாச்சிய அங்கனயே நிக்கச் சொல்லு."

அப்போது அந்த மாடிக்கு வந்து இறங்கிய படம் உள்நாட்டுச் சரக்கில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் சென்னைக்கும் சிவகாசிக்கும் நேர்கோட்டில் 480 கிலோமீட்டர். டிவி அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 150 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கண்ணுக்கு எட்டும் தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் அலை நம் தலைக்கு மேலே போய்விடும்.

இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாட்டின் உச்சி மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். அதன் மேல் ஒரு டிரான்ஸ்மிட்டர். கணக்குப்படி அதன் அலையும் 200 கிலோமீட்டர் சொச்சத்தில் தரையை விட்டு விலகிவிட வேண்டும். சிவகாசியோ 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் சில இரவுகளில் படம் வந்தது. கடலின் மேல் ஈரக்காற்று கீழேயும் சூடான வறண்ட காற்று மேலேயும் அடுக்காகப் படியும்போது, நடுவில் ஒரு குழாய் போட்டதுபோல் அலை வளைந்து வெகுதூரம் ஓடும். தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் "இன்னைக்கு சிலோன் எடுக்குது" என்பதுதான். சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாத நாற்பது பேர் சிங்களச் செய்தியை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். வராத இரவில் பூஸ்டர் மீது பழி விழும். பூஸ்டர் பாவம், வந்ததைப் பெருக்கிக் கொடுக்கும் பிறவி அது. படம் வந்தால் படத்தைப் பெருக்கும், புள்ளி வந்தால் புள்ளியைப் பெருக்கும்.

இலங்கை சிவகாசிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. தென்கிழக்கு என்றால் வாஸ்துவில் அக்னி மூலை. அண்ணாச்சிக்கு அதில் தனி திருப்தி. "நம்ம ஊரு பொழப்பே அக்னிதானே. ஆண்டெனா வேற எங்கிட்டுப் பாக்கும்?"

அந்த ஆண்டெனாவின் பூர்வீகம் ஜப்பான். செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926இல் உருவாக்கிய அமைப்பு அது. உலகம் யாகி ஆண்டெனா என்கிறது. குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய ஊரின் மாடிகளில் நிஜ ஜப்பான் சரக்கு நின்றதை அந்நாளில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசைதான்: குட்டையான கம்பிகள் முன்னால், நெட்டை பின்னால். முன் கம்பிகள் அலையை வழிகாட்டி உள்ளே அனுப்பும். பின்னால் நிற்கும் நெட்டை அதைத் தாண்டிப் போகவிடாமல் திருப்பி அனுப்பும். நடுவில் ஒயர் மாட்டிய கம்பி வாங்கிக்கொள்ளும். குட்டைப் பக்கம் டிரான்ஸ்மிட்டரைப் பார்க்க வேண்டும். ஊரில் பாதி வீட்டில் நெட்டைப் பக்கம் பார்த்தது. "பெரிய கம்பிதானே நிறைய இழுக்கும்" என்ற வாதத்துக்கு எதிரே நிற்க யாகியாலேயே முடிந்திருக்காது.

எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் கோபுரம் வந்து தென் மாவட்டங்களின் ஆண்டெனாக்களை முதுகைத் திருப்பி நிற்கவைத்தது. 7,000 அடி உயர மலை; சிவகாசிக்கு நேர்கோட்டில் 90 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பார்த்தால் விருதுநகர் மாவட்டம் விரித்த பாய்போலத்தான். பாரதமும் ராமாயணமும் இந்தியில் வந்தன. ரூபவாஹினியில் பயிற்சி எடுத்த தெருவுக்குப் புரியாத மொழி ஒரு பொருட்டே இல்லை.

புதிய திசையில் மட்டும் ஒரு குடும்பத் தகராறு கிளம்பியது. விருதுநகரில் இருந்த சம்பந்தி வீட்டு ஆண்டெனா கச்சிதமாக வடமேற்கு பார்த்தது. சிவகாசியிலிருந்து கொடைக்கானல் அவ்வளவு மேற்கே இல்லை. வடக்கிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். சம்பந்தி சொன்ன திசை தப்பு என்று அண்ணாச்சியும், சிவகாசிக்காரருக்குத் திசையே தெரியாது என்று சம்பந்தியும் பட்டாசுக் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். சில டிகிரி வித்தியாசம் யாகி ஆண்டெனாவுக்குப் பெரிய விஷயமில்லை. சம்பந்திகளுக்குப் பெரிய விஷயம்.

இதில் தினசரி காலண்டர் வேறு. ஊரே அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் காலண்டரில் அன்றைய சூலம் எந்தத் திசை என்று போட்டிருக்கும். செவ்வாய், புதன் வடக்கே சூலம். வெள்ளி, ஞாயிறு மேற்கே சூலம். ஆக, வாரத்தில் நான்கு நாள் கொடைக்கானலுக்குச் சூலம்தான். 'ஒளியும் ஒலியும்' வருவதோ வெள்ளிக்கிழமை. மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். அண்ணாச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். வெல்லம் கரையும் வரை "தெரியுதா" என்று கேட்க முடியாது. கையால் ஜாடை காட்டுவார். ரிலே ஸ்டேஷன் அதை மொழிபெயர்க்கும்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. ஊரெங்கும் ஆண்டெனாக்களைப் பழைய இரும்புக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கம்பி அலுமினியம், பட்டாசின் வெள்ளொளிக்கும் அலுமினியப் பொடிதான். அடுத்த தீபாவளிக்கு அதுவே மத்தாப்பாகத் திரும்பி வந்திருக்கும் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. தன் ஆண்டெனாவை மட்டும் அவர் கொடுக்கவில்லை. ஒரு ராக்கெட் பட்டுப் பின்கம்பி வளைந்தபோதுகூட நிமிர்த்திக் கட்டி வைத்தார்.

கொஞ்ச நாள் முன்பு சென்னையில் மகள் வீட்டுக்குப் போனவர், ஜன்னலில் ஒரு பொருளைக் கண்டார். பள்ளிக்கூட ஸ்கேல் அளவில் ஒரு கம்பி. அதிலிருந்து டிவிக்கு ஒயர். கேபிள் இல்லை, டிஷ் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. தூர்தர்ஷன் கண்ணாடிபோலத் தெரிந்தது. மாப்பிள்ளை விளக்கினார்: தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு, தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது, டிவிக்குள் அதற்கான டியூனர் இருந்தால் போதும். ஸ்கேல் அளவுக்கும் காரணம் இருக்கிறது. 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். ஆண்டெனாவுக்கு அதில் பாதி வேண்டும், அதாவது 30. பழைய 175 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு முழம் தேவைப்பட்டது. கம்பி குட்டையானது டிஜிட்டல் என்பதால் அல்ல, அலை குட்டையானதால். ஆண்டெனாவுக்கு அனலாக், டிஜிட்டல் என்ற பேதமே கிடையாது. பெட்டியில் 'டிஜிட்டல்' என்று அச்சடித்தால் விலைதான் டிஜிட்டலாகும்.

பழக்க தோஷத்தில் அண்ணாச்சி அந்தக் கம்பியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். செய்தி வாசித்தவரின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, பிறகு உறைந்து, பிறகு காணாமல் போனது. அவருக்கு இது பிடிக்கவில்லை. "பழசு தகராறு பண்ணும், ஆனா வரும். ஈ பறந்தாலும் ஆளத் தெரியும். இது என்னன்னா, ஒண்ணு முழுசா வரும், இல்லனா மொத்தமா கிடையாது." மின்னணுப் பொறியாளர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், விளக்கம் இதைவிடச் சுருக்கமாக இருக்காது.

இருந்தாலும் ஆசை விடவில்லை. இணையத்தில் பார்த்து ஒன்று வாங்கினார்கள். '300 கி.மீ. தூரம் இழுக்கும்' என்று பெட்டியில் போட்டிருந்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பி மறுநாளே பைப்பில் ஏற்றிவிட்டார். இப்போது டிவியே சேனல் தேடும்; படிக்கட்டில் ஆள் தேவையில்லை. தேடியது. 10 சதவீதம், 40, 90. முடிவில் 'சேனல்கள்: 0'. வடக்கே திருப்பினார், 0. கிழக்கே, 0. வெல்லம் போட்டுக்கொண்டு மேற்கே திருப்பினார், 0.

ஆண்டெனாவின் மேல் குற்றமில்லை. அந்த 16 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான் உண்டு. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களையோ, முக்கியமான ஐம்பது இடங்கள் தவிர, 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவது என்று பிரசார் பாரதி முடிவெடுத்துவிட்டது. (யாகியின் செண்டாய் இருக்கும் மியாகி மாகாணத்தில் அனலாக் நின்றது 2012 மார்ச் 31, ஜப்பானில் கடைசியாக நின்ற மூன்று மாகாணங்களில் அது ஒன்று. ஆனால் அங்கே டிஜிட்டலை ஊரெங்கும் கொடுத்துவிட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்.) சென்னையிலிருந்து பொதிகை ரயில் விடிகாலையில் சிவகாசிக்கு வந்துவிடுகிறது, பொதிகை சேனலின் தரைவழி டிஜிட்டல் அலை செங்கல்பட்டைத் தாண்டவே திணறும். அந்தச் சேனலுக்கும் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பேர் மாறிவிட்டது.

கடைசியில் டிடி ஃப்ரீ டிஷ்தான் கைகொடுத்தது. தட்டு வாங்கும்போது ஒருமுறை செலவு, பிறகு மாதாமாதம் அழ வேண்டியதில்லை. அதைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் தென்னமெரிக்காவின் கூருவிலிருந்து ஏவப்பட்டது, நம் நேரப்படி 2015 நவம்பர் 11 அதிகாலை 3 மணி 4 நிமிடத்துக்கு. தமிழ்நாட்டில் அதற்கு முந்தின நாள் தீபாவளி. சிவகாசி ராக்கெட்டெல்லாம் விட்டுத் தீர்ந்து ஊர் தூங்கிய பிறகு கிளம்பிய அந்த ஒரு ராக்கெட் மட்டும் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. தட்டு மாட்டவந்த பையன் கைபேசியில் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, "தென்கிழக்குப் பக்கம் திருப்பணும், அண்ணாச்சி" என்றான்.

"அக்னி மூல!" என்றார் அண்ணாச்சி. நாற்பது வருடத்துக்கு முன் சிலோனைப் பார்த்த அதே பக்கம்.

பழைய யாகி ஆண்டெனா இப்போதும் கொடைக்கானலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் தட்டை ஒயரை அண்ணாச்சி ரேடியோவில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார். காலையில் கோடை எஃப்.எம். 100.5 கணீரென்று கேட்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "ஆண்டெனாவோட மகிமை" என்கிறார். கோடை எஃப்.எம். சிவகாசியில் எந்த ஆண்டெனாவும் இல்லாமலே கேட்கும். பழைய ரிலே ஸ்டேஷனுக்கு இது தெரியும். ஆனால் இந்தச் சேதியை மட்டும் அது மாடிக்குக் கடத்தவில்லை.