மூச்சு வாங்கிய வருஷம்

கேள்வி: பயணம், சைக்கிள், வீடியோ கேம் என்றே போன வருஷத்தை ஓட்டிவிட்டீர்களாமே! எதில் அதிகக் களைப்பு? (வாசகர், சேலம்)

பதில்: ஐரோப்பாவில் களைப்பே இல்லை. 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' வீடியோ கேம் 19 கிலோமீட்டரை ஒன்றாகச் சுருக்கிவிடும். கலேயிலிருந்து மிலானுக்கு லாரி ஓட்டினேன், விசா கேட்க ஆளில்லை.

சைக்கிளில் ஏறிய கொல்லிமலைதான் பழிவாங்கியது. 70 கொண்டை ஊசி வளைவுகள். மிச்சம் எத்தனை என்று மானத்தை வாங்க எண் பலகைகள் வேறு. 2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' கேம் நாயகனுக்கு, மலையேறும்போது தெம்பைக் காட்ட ஒரு பச்சை வட்டம் உண்டு; மருந்துப் பானம் குடித்தால் நிரம்பிவிடும். நானும் இளநீர் குடித்தேன். ம்ஹூம்!

விறகுக் கட்டோடு நடந்துவந்த பாட்டி என்னைத் தாண்டும்போது சொன்னார்: "இறங்கித் தள்ளிக்கிட்டு வா சாமி, எனக்கும் பேச்சுத் துணையாச்சு."