பெரியப்பா எழுந்துவிடுவார்

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வரப்புத் தகராறென்றால் கோயில் திண்ணையில் பஞ்சாயத்து. “பெரியப்பா, நீங்க அவங்களுக்குச் சம்பந்தி, நீங்க பேசக் கூடாது” என்று யாராவது சொன்னால் போதும். முணுமுணுத்துக்கொண்டே துண்டை உதறி எழுந்துவிடுவார். அந்த இடத்தில் வேறொருவர் உட்காருவார். (திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்பதற்கு ஊரில் தனிச் சட்டம் இருந்தது. அது பெருமைப்படும் கதையல்ல.)

1940-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில்கூட, நடுவர் மேல் சந்தேகம் வந்தால் பாதியிலேயே நீதிமன்றம் போய் அவரை விலக்கக் கேட்கலாம். வழக்குகள் இழுத்தன. 1996-இல் புதுச் சட்டம் வந்தது. நெடுஞ்சாலை நிலத்தின் விலைத் தகராறுக்கும் அதுதான். திருச்சி–சிதம்பரம் சாலைக்கு ஜெயங்கொண்டம் பக்கம் நிலம் கொடுத்த மச்சான் என்னிடம் கேட்டார்:

“நடுவர் மேல நம்பிக்கை இல்லேன்னா யார்கிட்ட மனு கொடுக்கணும்?”

“நடுவர்கிட்டதான். பதினஞ்சு நாளுக்குள்ள.”

“அவர் தள்ளிட்டா?”

“அவரே விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்வார். அதுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போகலாம்.”

மச்சான் சிரித்தார். 13-ஆம் பிரிவைப் படித்துச் சிரித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

வழக்கின் முடிவில் அக்கறையுள்ளவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சையதாபாத் தேயிலை வழக்கில், நெடுஞ்சாலை நிலத்துக்கு நடுவரை நியமிப்பது மத்திய அரசுதான் என்றும் சொன்னது. நிலம் எடுப்பதும் அரசு, விலை வைப்பது அரசு அதிகாரி, விலை போதாதென்றால் நடுவர் பெரும்பாலும் ஆட்சியர்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நிலம் பற்றிய ஹக்கீம் வழக்கில் சதுர மீட்டருக்கு 46.55 முதல் 83.15 ரூபாய் வரை கொடுத்தார்கள். நடுவரான ஆட்சியர் அதை உயர்த்தவில்லை. மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக்கியது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம், திருத்தக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரத்தானால் மறுபடி அரசு நியமிக்கும் நடுவரிடமே போக வேண்டும். அந்த அநியாயத்தை நீதிபதிகளே குறிப்பிட்டு, உயர்த்திய தொகையில் மட்டும் கைவைக்கவில்லை.

அதுவும் முடிவாகவில்லை. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஓரளவு திருத்தலாம் என்றது. ஒருவர் இணங்கவில்லை, நால்வர் சொன்னதுதான் இப்போதைக்குச் சட்டம்.