சராசரி அணில்

நம்மாளை உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் எட்டு அங்குல டெலஸ்கோப், நெற்றியில் சிவப்பு விளக்கு, வாயில் எப்போதும் காவலூர் வானாய்வகம். "ஜவ்வாது மலையில 1986-லேயே 2.3 மீட்டர் டெலஸ்கோப் வெச்சுட்டாங்க சார். அங்க எவன் வீட்டுத் தண்ணித் தொட்டியும் மறைக்காது" என்பார். குத்தல் எனக்கு. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரியில்தான் நிற்கும். சரியாக அங்கேதான் என் வீட்டுத் தொட்டியும் நிற்கிறது. கருவியை நேர்ப்படுத்த அவருக்கு நட்சத்திரம் வேண்டும். எனக்குக் குளிக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால் ஆசாமி கருவியைக் கொல்லைப்புறம் திருப்பிவிடுவார். அணில், ஓணான், செம்போத்து எல்லாம் அண்டவெளிப் பொருள்களாகிவிடும். எடுத்த படத்தை எடுத்தபடி காட்டினாலாவது பரவாயில்லை. மாட்டார். 'ஸ்டாக்கிங்' முடிய வேண்டும்.

ஆண்ட்ரோமெடா மாதிரி மங்கலான சங்கதியை ஒரே கிளிக்கில் பிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி பார்க்க வேண்டும். படத்துக்குப் படம் மாறுகிற பொட்டெல்லாம் கழிந்து, மாறாதது துலங்கி வரும். குறுக்கே போன விமானத்தையும் செயற்கைக்கோளையும் மென்பொருளே பொறுக்கி எறிந்துவிடும். அருமையான வித்தைதான், 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் சமர்த்தாக இருக்கிற ஆண்ட்ரோமெடாவுக்கு.

எங்கள் மதில்மேல் ஓடிய அணிலை இப்படித்தான் இருநூறு பிரேம் எடுத்தார். இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். திரையில் என் மதில், பாசி பாசியாக, மணல் மணலாகத் தெரிந்தது.

"அணில் எங்க சார்?"

"இருந்தது. டேட்டாவுல இருக்கு."

ஓடுகிற எதையும் தள்ளு என்பது மென்பொருளுக்கு உத்தரவு. அணிலும் செயற்கைக்கோளோடு சேர்ந்து போய்விட்டது. விடுவாரா? அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டு மறுபடி அடுக்கினார். இந்தத் தடவை மதிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பழுப்பாக ஒரு புகை. "இது சராசரி அணில்" என்றார், பெற்ற பிள்ளையை அறிமுகப்படுத்தும் குரலில். ஓணான் கொஞ்சம் ஒத்துழைத்ததாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டியது. உடம்பு செதில் செதிலாக விழுந்திருந்தது, தலை ஆவியாகியிருந்தது.

நியூட்டன் வகைக் கருவி தலைகீழாகத்தான் காட்டும். அதையும் திருப்பி வைக்க மாட்டார், விண்வெளியில் மேல் கீழ் கிடையாதாம். அவர் சேகரிப்பில் காகங்கள் வானத்தில் கால் பதித்து நிற்கின்றன. வௌவால் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கிற பிராணி.

நடுவில் ஒரு லாபம். "உங்க மதில்ல விரிசல் இருக்கு சார். போன வாரப் படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன், அகலமாகுது." கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிஜம்தான்.

வானம் தெளிந்த ராத்திரிகளில் அவரே வேறு ஆள். வியாழனின் நாலு பெரிய நிலவையும் காட்டுகிறேன் என்று தெருவையே மாடிக்கு ஏற்றிவிடுவார். இஸ்திரி வண்டிக்காரர் மகள் கண்ணை எடுக்காமல் பத்து நிமிஷம் பார்த்தாலும் அவசரப்படுத்த மாட்டார். பின்னால் நிற்கிற என்னைத்தான் "சத்தம் போடாதீங்க" என்பார். அப்போதெல்லாம் இவரை வைத்துக்கொண்டு நாம் கொஞ்சம் சிரமப்பட்டால்தான் என்ன என்று தோன்றும்.

ஆனால் துணி விஷயத்தில் அவர் செய்வது அநியாயம். என் வீட்டுக் கொடியில் புடவை ஆடினால் அவருக்கு பிரேம் கெடுகிறதாம். அடைமழைக் காலத்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தையும் அவர் எடுத்துக்கொண்டால் நாங்கள் ஈரத்தோடு ஆபீஸ் போகவா? போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பக்கெட்டோடு கொல்லையில் நிற்கிறாள். மாடியிலிருந்து கை மட்டும் நீண்டது.

"அஞ்சு நிமிஷம்மா. செம்போத்து வந்திருக்கு."

அவள் மதிலைப் பார்த்தாள்.

"அது அப்பவே பறந்துடுச்சு சார். துணியப் போடலாமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் நாப்பது பிரேம் பாக்கி இருக்கு."