கூட்டேரிப்பட்டு வந்தால் பத்து லிட்டர்

விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் மாடு வளர்ந்துவிடும். முண்டியம்பாக்கத்தில் வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும், விக்கிரவாண்டி டோல்கேட்டில் எட்டு, கூட்டேரிப்பட்டில் பத்து. மறுநாள் காலை சொசைட்டியில் அளந்தால் நாலு. அந்த நாலிலும் தண்ணீர் எவ்வளவு என்பதை லாக்டோமீட்டர் சொல்லிவிடும். அதற்குக் கதை கேட்கிற பழக்கம் கிடையாது.

தீனிப் பெருமை தனி. கடலை இந்தப் பக்கத்துப் பயிர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் ஊர் ஊராகப் போனவை. கொட்டை மனிதனுக்கு, கொடி மாட்டுக்கு. "கடலைக்கொடி தவிர வேற எதையும் மோந்துகூடப் பார்க்காதுங்க" என்பார். அந்த மாடு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சினிமா போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்றுகொண்டிருக்கும்.

ஆட்டுக் கதைக்கு இலக்கணமே வேறு. 2011-இல் அரசு ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு விலையில்லா ஆடுகள் தர ஆரம்பித்ததும் கதைகளும் பெருகின. பேர் சொன்னால் ஓடிவரும், கட்டிலடியில் படுக்கும், பிஸ்கட் கேட்கும். எல்லாம் நிகழ்காலம்தான், ஆடி பிறந்ததும் இறந்தகாலமாகிவிடும். "இப்ப எங்கண்ணே அது?" என்று நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்பதில்லை.

நாய்க்காரர் கடைசியில்தான் வாய் திறப்பார். அவர் வீட்டு டாமி சுத்த சைவமாம், தயிர்சாதம் மட்டும்தானாம். ஆட்டுக்காரர் வீட்டு எலும்பு கணக்கில் வராது.