குறுக்கீட்டியல்: அந்தமான் விவசாய வீட்டில் பழஞ்சேலைப் போர்வை உருவாகும் விதம் பற்றிய ஆய்வு

அந்தமானில் போர்வை எதற்கு என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வே நிற்காது. இத்தீவுகளில் பகல் 30 பாகையை ஒட்டியும் இரவு 23, 24 பாகையை ஒட்டியும் வருடம் முழுக்க ஒரே மாதிரி புழுங்கும். ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் ஆரம்பித்தால் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றும் முறைவைத்து வந்துபோகும். குளிர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனாலும் டிக்லிப்பூர்ப் பக்கம் வங்காள விவசாயி வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தால், பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுத் தைத்த காந்தா ஒன்று அந்துருண்டை வாசனையோடு படுத்திருக்கும்.

இது குறித்து அறிஞரிடையே இரு கட்சி உண்டு. மழை இரவில் தகரக்கூரையின் கீழ் படுத்தவனுக்குப் போர்வையின் அருமை தெரியும் என்பது மழைக்கட்சி. மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுக் கழுத்துவரை போர்த்திக்கொள்வதே மனித இயல்பு என்பது விசிறிக்கட்சி. மின்சாரம் போனதும் கொசுவுக்காக அதே போர்வை தலைவரை ஏறும் என்று பின்னவர் கூடுதல் சான்று காட்டுவர். இக்கட்டுரை விசிறிக்கட்சியைச் சார்ந்தது.

வரலாறு சுருக்கமானது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பங்களை அரசு 1949 முதல் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பியது. தெற்கு அந்தமானில் தொடங்கிய குடியேற்றம் ஐம்பதுகளில் ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் என்று வடக்கே ஏறியது. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை, ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். கீழே நெல், மேலே தென்னையும் கமுகும். நிலத்தையும் மாட்டையும் அரசு கொடுத்தது. போர்வையைக் கொடுத்ததாகப் பதிவில்லை. அது பெண்களின் கையில் வந்தது. ஊசி சுங்கத்தில் மாட்டாது. பிறகு நம்மவர்களும் வந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். வங்காளமும் இந்தியும் போக இத்தீவுகளில் அதிகம் பேசப்படுவது தமிழ்தான். வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் வங்காளப் பெண் ‘மாசி’ ஆனார், இந்தப்பக்கம் இருக்கும் தமிழ்ப் பெண் ‘அக்கா’ ஆனார். பேச்சு அந்தமான் இந்தியில் நடந்தது. தையலோ வங்காளத்தில் நடந்தது.

மூலப்பொருள் பற்றி நூலோர் கூறுவது: ஐந்தாறு வருடம் உடுத்தித் துவைத்து மெலிந்த பருத்திச் சேலை மூன்று அல்லது நான்கு. வெள்ளையோ வெளிறியதோ உத்தமம். கரையிலிருந்து உருவிய வண்ண நூலே தைக்கும் நூல். ஆக, கடைக்குப் போகும் செலவு ஊசி ஒன்றுக்கு மட்டும். தமிழ்ப்பிரிவினர் இவ்விதியில் திருத்தம் செய்து நடுவில் லுங்கியைச் சேர்த்தனர். கட்டம் போட்ட லுங்கிக்குக் கோடு பார்த்துத் தைக்கும் வசதி உண்டு என்பது அவர்கள் வாதம். உள்ளே போய்விட்டால் கட்டம் யார் கண்ணுக்குத் தெரியும் என்பது மாசியின் மறுப்பு. இந்த விவாதத்தில் லுங்கியின் உரிமையாளர் கருத்துக் கேட்கப்படுவதில்லை. மூன்று நாள் தேடிய பின் அவர் அதைத் தன் மேலேயே போர்த்தியிருப்பதாக அறிகிறார்.

இன்று இத்துறையை அச்சுறுத்துவது நைட்டி. மாடு கறப்பதிலிருந்து கமுகந்தோட்டத்தில் பாக்குப் பொறுக்குவது வரை எல்லாம் நைட்டியிலேயே நடக்கிறது. சேலை கல்யாணத்துக்கும் துர்க்கா பூசைக்கும் மட்டும் இறங்குகிறது, அதுவும் பாலியஸ்டர். பாலியஸ்டர் கிழியாது, மெலியாது, கரையில் நூல் உருவ வராது. துணி நைந்தால்தான் போர்வை பிறக்கும். நையாத துணியைக் கண்டுபிடித்தவருக்குப் பேத்தி பிறந்தபோது எதில் போட்டுச் சுற்றினார் என்று யாராவது ஆராய வேண்டும். நைட்டியை வெட்டிச் சேர்க்கும் பரிசோதனைகள் நடந்துள்ளன. ஜிப் இருந்த இடத்தை மறைப்பதில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். ஆறடி நீளம், நான்கடி அகலம் கொண்ட போர்வை. ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை வைத்தால் அகலத்தில் 81 வரிசை. தையலும் இடைவெளியும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் என்றால் வரிசைக்கு 183 தையல். பெருக்கினால் 14,823. பூவும் மயிலும் இல்லாத வெறும் போர்வைக்கே இது. ஒருமுறை ஊசி ஏற்றும்போது நாலைந்து தையல் சேர்த்து வாரிக்கொண்டாலும் மூவாயிரம் தடவைக்கு மேல் இழுக்க வேண்டும். வேலை வெட்டி இல்லாதவர் இதை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். விவசாய வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. அல்லது இருப்பவருக்குத் தையல் தெரியாது.

பொழுதைக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவின் கடிகாரம் மிர்சாப்பூர்ப் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. போர்ட் பிளேர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது) 92.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் இங்கே 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. கோடையில் கடிகாரத்தில் ஐந்தடிக்கும் நேரத்துக்கே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்ட ஆரம்பிக்கும். ஆனால் பள்ளிக்கூடமும் வங்கியும் மிர்சாப்பூர்ப் பக்கத்து நேரப்படியே திறக்கின்றன. பிள்ளைகள் வீடு திரும்பிச் சாப்பிட்டுப் புத்தகத்தைப் பிரிக்கும்போது பெண்ணுக்குக் கிடைத்த வெளிச்சம் முடிந்துவிடுகிறது. டெல்லி எடுத்துக்கொண்ட இந்த 40 நிமிடத்துக்கு ஈடாக எத்தனை போர்வை வரவேண்டும் என்று கணக்குப் பார்த்து யாரும் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மீதி வெளிச்சத்தை வயல் எடுத்துக்கொள்கிறது. பர்மாவிலிருந்து வந்த சி-14-8 என்ற நெல்தான் இங்கே நெடுநாளாக நிலைத்த ரகம். ஏறத்தாழ ஆறு மாதப் பயிர். ஆடி ஆவணியில் நட்டால் மார்கழி தையில்தான் அறுப்பு. இடையில் தோட்டத்து நாற்றைத் தின்ன ஆப்பிரிக்க நத்தை வரும். 1942 முதல் 1945 வரை தீவை ஆண்ட ஜப்பானியர் போனார்கள், அவர்கள் காலத்தில் வந்த நத்தை போகவில்லை. மழை இரவில்தான் அது மேயும் என்பதால், மழை இரவு தையலுக்கு ஏற்றது என்ற பழைய கொள்கை இங்கே அடிபடுகிறது. டார்ச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு குடும்பமே நத்தை பொறுக்கக் கிளம்பிவிடும். புள்ளிமானை வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான், புலியைக் கொண்டுவரவில்லை. மான் பெருகி வயலில் இறங்குவதால் காவலுக்குப் போகும் ஆண் கையில் அகப்பட்ட போர்வையை எடுத்துக்கொண்டு போகிறார். அகப்படுவது பெரும்பாலும் பாதி தைத்தது. ஊசி குத்தியிருப்பது அதிலேயே படுத்த பின்புதான் தெரியவரும். நீல் தீவில் (2018 டிசம்பரில் ஷஹீத் துவீப் ஆனது) நத்தைக்கும் மானுக்கும் மேலாகக் கப்பல் நேரம் ஒன்று உண்டு. போர்ட் பிளேருக்கு ஏற வேண்டிய கத்தரிக்காய், தையல் வரிசை முடியட்டும் என்று துறையில் காத்திருக்காது.

இவை எல்லாவற்றையும் தொகுத்து இவ்வாய்வாளர் யாத்த நூற்பா:

ஊசியில் நூலேறும் காலை அடுப்பினில்
பாலேறும் என்மனார் பண்ணை மகளிர்.

இதன் உரை: ‘பால்’ என்றது உபலட்சணம், கஞ்சி, பருப்பு, மாட்டுக்குக் காய்ச்சும் கூழ் ஆகியனவும் கொள்க. ‘காலை’ என்றது பொழுதன்று, மாலையிலும் பொங்கும். ‘பண்ணை மகளிர்’ என விதந்தமையால் ஆடவர்க்கு இவ்விதி இல்லை என்பது பெறப்பட்டது. அடுப்பருகே அமர்ந்திருப்பினும் பொங்குவது அவர் கண்ணுக்குப் புலனாகாமையின். ‘என்மனார்’ என்றமையால் இது பலரும் கண்ட உண்மை என்க.

இவ்வளவு குறுக்கீட்டுக்கு நடுவே போர்வை எப்படித்தான் முடிகிறது? விடை தையலின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. தையல் இயந்திரம் ஓரிடத்தில் உட்காரச் சொல்லும். சட்டத்தில் மாட்டிச் செய்யும் எம்பிராய்டரி விறைப்பு விட்டால் கெட்டுவிடும். பின்னல் ஊசியில் கண்ணி நழுவினால் வரிசை வரிசையாகக் கீழ்நோக்கி அவிழும். காந்தாவின் நூலோட்டம் ஒன்றுதான், எந்தத் தையலில் நிறுத்தினாலும் அந்தத் தையலிலேயே நிற்கும். ஊசியைத் துணியில் குத்திச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலை இறக்கலாம், கோழியை விரட்டலாம், வாசலில் வந்த பஞ்சாயத்துக்காரருக்குப் பதில் சொல்லலாம். திரும்பி வந்து பதினைந்து நாள் கழித்துப் பிரித்தாலும் ஊசி நின்ற இடம் வழிகாட்டும். ஓய்வு நேரமுள்ளவர்கள் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நடுவில் எழுந்து போயே தீரவேண்டியவர்கள் பல தலைமுறையாகக் கழித்துக் கழித்து மிச்சம் வைத்த தையல் இது. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் காந்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அதைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். காந்தாவின் நடுவே தைக்கும் தாமரைக்கு அவர் தந்த மரியாதையில் கொஞ்சம் அடுப்பிலிருந்த பாலுக்கும் சேரவேண்டியது.

குடும்பத்தின் மதிப்பீட்டில் போர்வையின் இடம் எது என்பதை அளக்க ஒரு நேரடிச் சோதனை உண்டு. தை முதல் சித்திரை வரை முற்றத்தில் பாக்குக் காயும். தோலோடு முழுசாகக் காய நாற்பது நாள் வெயில் வேண்டும். பாதி தைத்த போர்வையும் பக்கத்தில் கொடியில் கிடக்கும். பருவம் தப்பி ஒரு மேகம் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கும். முதல் துளி விழுந்ததும் வீடு எந்த வரிசையில் ஓடுகிறது என்று டிக்லிப்பூர்ப் பக்கத்து முற்றம் ஒன்றில் நின்று கவனித்தேன். பாக்கு முதலில். தார்ப்பாயின் நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள்; இரண்டு வயதுக் குழந்தை அதில் உட்கார்ந்திருந்ததால் அதுவும் பாக்கோடு சேர்ந்து உள்ளே வந்தது. அடுத்தது விதைநெல் மூட்டை. பிறகு பள்ளிச் சீருடை. பிறகு, அக்கா சத்தம் போட்ட பிறகு, கொடியில் இருந்த போர்வை.

“என்னங்க, அதையும் எடுத்துட்டு வரக்கூடாதா? கண்ணு முன்னாடிதானே தொங்குது!”

“நனைஞ்சா காஞ்சிரும். பாக்கு பூஞ்சை புடிச்சா யாரு வாங்குவா?”

பொருளாதார நோக்கில் இதற்கு மறுப்பில்லை. பாக்குக்கு விலை இருக்கிறது. மேற்கு வங்க நக்‌ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடே கிடைத்தது என்று அக்காவின் சார்பில் எடுத்துச் சொன்னேன். “குறியீட்டைப் போர்த்திக்கலாமா சார்?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் பாக்கைக் கிளறப் போய்விட்டார்.

போர்வைக்கு விலை வைப்பது எங்கேயும் பிசகாகத்தான் முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் சிறு பண்ணையில் கணவனோடு பாடுபட்ட ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வையை 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டபோது தர மறுத்தார். சில ஆண்டில் கஷ்டம் நெருக்கியது. தானே கொண்டுபோய்ப் பத்து டாலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஊரிலும் மழை வந்தபோது முதலில் எதை உள்ளே எடுத்தார்கள் என்று ஆவணங்களில் இல்லை. பருத்தி என்று ஊகிக்கலாம்.

மறுபடி டிக்லிப்பூர். போர்வையைத் தள்ளிப்போடும் சக்திகளைப் பார்த்தோம். முடித்துவைக்கும் சக்தி ஒன்று உண்டா? உண்டு, ஒன்றே ஒன்று. மகளோ மருமகளோ குளித்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்ற செய்தி. பிறந்த குழந்தையைப் பழஞ்சேலையில்தான் சுற்ற வேண்டும், புதுத்துணி மேலில் உறுத்தும் என்பதில் வங்காளத்துக்கும் தமிழுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அன்று வரை பரணில் கிடந்த மூட்டை இறங்கும். கேட்காமலே மாசி வேலி தாண்டி வருவார். ஒரு மூலையை அவரும் மறு மூலையை அக்காவும் பிடித்து நடுவை நோக்கித் தைப்பார்கள். பால் பொங்கினால் மாமியாரே எழுந்துபோய் இறக்குவார். லுங்கி கேட்டால் வீட்டுக்காரர் தாமே அவிழ்க்காத குறையாக எடுத்து வந்து கொடுப்பார். பதினாலாயிரம் தையலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். இடையில் நடவு வந்தாலும் நிற்காது. ஆக, வருடக்கணக்கில் கையைத் தட்டிவிட்ட அதே குடும்பம் கெடு வைத்ததும் கை கொடுக்கிறது. இந்த வீட்டிலும் அந்தச் செய்தி வந்திருந்தது. நான்கு போர்வையாவது வேண்டும் என்று அக்கா கணக்கிட்டிருந்தார்.

“பிரசவம் எந்த மாசம்?” என்றார் மாசி.

“ஆவணி.”

“அப்போ நாலு பத்தாது, எட்டு. அது நிமிஷத்துக்கு ஒண்ணு நனைக்கும். இங்கே மழையிலே ஒண்ணு காய மூணு நாள் ஆகும்.”

அறிவியல் ரீதியாக இதில் குறை காண முடியவில்லை. அக்கா பரணில் ஏறி மீதி லுங்கிகளை எண்ண ஆரம்பித்தார்.