மாப்ள, பீரோவைப் பூட்டிட்டீகளா?

மாப்ள, பதறாதீக. மொதல்ல உக்காருங்க. ஒரு சொம்புத் தண்ணி குடிங்க. எம் மக பிரசவத்தன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சியில மல்லாந்து குறட்டை விட்ட மனுசன், நாய்க்கு நாள் நெருங்கிருச்சுன்னதும் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டு மூச்சு வாங்குறீக. நான் குத்தம் சொல்லலை. அன்னைக்கு ஒங்களுக்கு அசதி.

அந்த நாய் எங்க கொல்லையில பொறந்தது. நான் ஒங்க கையில கொடுக்கையில அதும் பேரு செவலை. மெட்ராசுக்குப் போய் இறங்குறதுக்குள்ள 'ப்ரௌனி' ஆயிருச்சு. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்னு எம் மக சொன்னா. அப்ப எதுக்குத் தாயி மாத்தணும்னு கேட்டேன். 'அவரு ஆசைப்பட்டாருப்பா'ன்னுட்டா. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச.

வளைகாப்பு நடத்துன போட்டோவும் பாத்தேன். கழுத்துல மாலை, நெத்தியில குங்குமம், முன்னால அஞ்சு வகைச் சோறு. ஒங்க அத்தை ரெண்டு நாளாச் சிரிச்சுக்கிட்டே இருக்கா. தயிர்ச்சோத்தை மட்டும் நக்கிட்டு மிச்சத்தை மோந்துகூடப் பாக்கலையாமே? அதுக்கு இருக்கிற அறிவு. நாய்க்கு வெங்காயம் ஆகாது மாப்ள, ரத்தத்தைக் கெடுத்துரும். அடுத்த வளைகாப்புக்கு வெங்காயம் போடாமச் சமைங்க.

சரி, நாள் கணக்குக்கு வாங்க. கார்த்திகை 10-ல சேர்ந்துச்சுன்னா தை 14 வாக்குல வரணும். நாய்க்கு 63 நாள் கணக்கு. ஆனா காலண்டர்ல செவப்பு மையில வட்டம் போட்டு வச்சுக்கிட்டு, '63 முடிஞ்சுபோச்சு மாமா'ன்னு என்னை எழுப்பாதீக. கடுவனோட வித்து உள்ள போயி அஞ்சாறு நாள் உசுரோட காத்துக் கிடக்கும். பொட்டைக்கு முட்டை பக்குவப்படுறப்பதான் கரு நிக்கும். அதனால சேர்ந்த நாள்ல இருந்து எண்ணுனா 58-லயும் வரும், 68-லயும் வரும். எத்தனை குட்டின்னு தெரியணும்னா 55 நாளைக்கு மேல ஒரு எக்ஸ்ரே எடுத்தாப் போதும், எலும்பு தெரியும், டாக்டரு எண்ணிச் சொல்லிருவாரு. எடுத்துட்டீகளா? ஆறா? நல்லது. வெரல்ல எண்ணத் தோதான கணக்கு.

நாள் நெருங்குனா எப்பத் தெரியும்னு கேட்டீகளே. எங்க காலத்துல நாய் சோறு திங்கலைன்னா தெரியும். ஒங்க காலத்துல தெர்மாமீட்டர் இருக்கு. நாய்க்கு சாதாரணமாவே ஒடம்புச் சூடு 101-ல இருந்து 102 சொச்சம் டிகிரி. காலையும் மாலையும் பாத்துக்கிட்டே வாங்க. ஒருநாள் சடார்னு 99-க்குக் கீழ இறங்கும். அன்னையில இருந்து ஒரு நாள் பொழுதுக்குள்ள குட்டி உண்டு. தெர்மாமீட்டரை நாய்க்கு வாயில வைக்க முடியாது, பின்பக்கமாத்தான் வைக்கணும். அதனால அந்தத் தெர்மாமீட்டருக்கு ஒரு செவப்பு நூல் கட்டி வைங்க. நாளைக்கு எம் பேரனுக்குக் காய்ச்சல்னா ஆத்திர அவசரத்துல அதையே எடுத்து அவன் நாக்குக்கடியில சொருகிராதீக. ஒங்களை எனக்குத் தெரியும்.

நாலாயிரம் ரூவாய்க்கு மெத்தை வாங்கி வச்சிருக்கீகளாம். ரோஸ் கலராம். அதை வாங்குனதுக்கு ஒங்க வீட்டுப் பஞ்சுத் தலையணையை எடுத்து நீங்களே பிய்ச்சுப் போட்டிருக்கலாம். சினை நாய்க்குக் கடைசி நேரத்துல தோண்டணும், பிறாண்டணும், துணியைக் கிழிச்சு மேடு கட்டணும். இதோட ஆத்தாக்காரி சோளத்தட்டைப் படப்புக்கு அடியில ஒரு முழம் கொகை தோண்டி உள்ள போயிருச்சு. மூணு நாள் நான் நாயைக் காணோம்னு ஊரெல்லாம் தேடுறேன், அது எங்க வீட்டுக் கொல்லையிலயே குடும்பம் நடத்துது. ஒங்க மூணாவது மாடியில படப்புக்கு எங்க போகும்? ஒரு பெரிய அட்டப்பொட்டி போதும். நாய் காலை நீட்டிப் படுக்கிற அகலம். அடியில பழைய பேப்பர், மேல ஒங்க அப்பாவோட பழைய நூல் வேட்டி. பொட்டி உள்சுவத்தைச் சுத்தி நாலு வெரக்கடை உசரத்துல ஒரு கட்டை கொடுங்க. தாய் சாய்ஞ்சு படுக்கையில குட்டி சுவத்தோட நசுங்காம அந்தச் சந்துக்குள்ள கிடக்கும்.

ஆனா ஒண்ணு. நீங்க காட்டுற எடத்துல அது ஈனும்னு நான் எழுதித் தர மாட்டேன். அதுக்கு இருட்டு வேணும், ஒதுக்கம் வேணும், எசமானி வாசம் வேணும். இந்த மூணும் ஒருசேர இருக்கிற எடம் ஒங்க வீட்டுல பீரோவோட அடித்தட்டுதான். எம் மக கல்யாணப் பட்டு அங்கதான் இருக்கு. காஞ்சிபுரத்துக்கே நேராப் போயி எடுத்துட்டு வந்தது. வெலையச் சொன்னா எனக்குக் கடன்காரன் மொகம் ஞாபகம் வரும். பூட்டி வைங்க.

வலி எடுக்க ஆரம்பிச்சா இளைக்கும், நடுங்கும், எந்திரிக்கும், படுக்கும், வாந்திகூட எடுக்கும். ஒங்க மொகத்தைப் பாக்கும். 'என்னமோ பண்ணுது'ன்னு கேக்குற மாதிரி இருக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆறு மணி நேரமும் ஆகும், பன்னெண்டும் ஆகும். தலைச்சன் ஈத்துன்னா ஒரு பகலும் ஒரு ராத்திரியும்கூட இழுக்கும். அந்நேரம் 'நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்ல'ன்னு சொல்லுவாகளே, அது நாய்க்குப் பொருந்தாது, ஒங்களுக்குத்தான் பொருந்தும். குறுக்கயும் நெடுக்கயும் நடக்காதீக. செல்போன் டார்ச்சை அது மொகத்துல அடிக்காதீக. மச்சான், சகலை, எதுத்த வீட்டு அம்மான்னு கூட்டம் சேர்த்து வீடியோவுல காட்டாதீக. மெரண்டுச்சுன்னா வலியை உள்ள இழுத்துக்கிட்டு அப்படியே நிறுத்தி வச்சிரும். எம் மக மட்டும் பக்கத்துல இருக்கட்டும். நீங்க வாசப்படியில இருங்க. ஒங்களுக்குப் பழக்கமான எடம்.

மொதக் குட்டி ஒரு பைக்குள்ள வரும். பனிக்குடத்தோட. கண்ணாடித் தாள்ல சுத்துன கருவாட்டு மீனு மாதிரி இருக்கும். ஐயையோன்னு கத்தாதீக. ஆத்தாக்காரி பல்லால பையைக் கிழிக்கும், நக்கும், கொடியைக் கடிக்கும். நக்குற வேகத்துல குட்டி உருண்டு உருண்டு போகும். அந்த முரட்டு நக்குலதான் குட்டிக்கு மூச்சே வரும். சிலது பின்னங்காலை நீட்டிக்கிட்டு வரும். மனுசப் புள்ளைக்கு அது பெரிய சங்கதி, நாய்க்கு இல்லை. பத்துக்கு நாலு அப்படித்தான் வரும்.

தலைச்சன்காரி சில நேரம் 'இது என்ன கண்றாவி'ன்னு திரும்பிப் பாத்துக்கிட்டே நிக்கும். ஒரு நிமிசம் பாருங்க. அது தொடலைன்னா நீங்க தொடுங்க. வெரலால பையைக் கிழிச்சு, மூக்கையும் வாயையும் தொடைச்சு, தலை கொஞ்சம் கீழ இருக்கிற மாதிரிப் பிடிச்சுக் காய்ஞ்ச துண்டால பரபரன்னு தேய்ங்க. கத்துற வரைக்கும் தேய்ங்க. எங்க ஊர்ல குட்டியைத் தலைகீழாப் பிடிச்சு வீசுவோம், நானும் வீசியிருக்கேன். அப்படி வீசுனா மூளையில ரத்தம் கசிஞ்சிரும்னு பின்னால ஒரு மாட்டு டாக்டரு சொன்னாரு. அன்னையோட விட்டேன். கொடியை அது கடிக்கலைன்னா வயித்துல இருந்து ஒரு வெரக்கடை விட்டு, கொதிக்க வச்ச நூலால கட்டி, அதுக்கு அந்தப் பக்கம் வெட்டி, அயோடின் தொட்டு வைங்க. எம் மகளை வெட்டச் சொல்லுங்க. நீங்க நூலைப் பிடிச்சாப் போதும்.

குட்டிக்கொரு நஞ்சு விழும். அதை அது திங்கும். எதுத்துச் சண்டை போடாதீக. ஒண்ணு ரெண்டு திங்கட்டும், எல்லாத்தையும் தின்னா விடியறதுக்குள்ள வயித்தால போயி ஒங்க சோபாவுல தெரியும். ஆனா எண்ணிக்கோங்க. ஆறு குட்டின்னா ஆறு நஞ்சு.

இப்பச் சொல்லப் போறதை மட்டும் சிரிக்காமக் கேளுங்க.

இருபது வருசம் இருக்கும். மணின்னு ஒரு கன்னி நாய் வச்சிருந்தேன். ஒடம்பெல்லாம் கருப்பு, புருவத்து மேல மட்டும் ரெண்டு செம்பொட்டு. நாள் நெருங்கி, ஒருநாள் காலையில பாத்தா வாலுக்கு அடியில கரும்பச்சையா ஒழுகியிருக்கு. குட்டி ஒண்ணும் வெளிய வரலை. எதையோ பச்சிலையைத் தின்னிருக்கும்னு நெனச்சுக்கிட்டுச் சாவடிக்குப் போயிட்டேன், ஆடு புலி ஆட்டத்துக்கு. ஒங்க அத்தை ஆள் அனுப்புனா. 'நாய்க்கு எவன்டா மருத்துவச்சி வச்சான்'னேன். நாலு பேரு சிரிச்சாக. எனக்கும் அந்தச் சிரிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. பொழுதுசாயப் போயிப் பாத்தா, முக்கி முக்கி ஓஞ்சுபோயிக் கிடக்கு. டிராக்டர்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனோம். வயித்தைக் கிழிச்சு அஞ்சு எடுத்தாரு, ரெண்டுக்குத்தான் உசுரு இருந்துச்சு. மணி விடியக்காலம் போயிருச்சு.

அந்தக் கரும்பச்சை நஞ்சுல இருந்து வர்றது மாப்ள. மொதக் குட்டி வந்த பெறகு வந்தாப் பயமில்லை. ஒரு குட்டிகூட வராம அது வந்தா, உள்ள நஞ்சு பிரிஞ்சுபோச்சு, குட்டிக்கு மூச்சு இல்லைன்னு அர்த்தம். அப்ப எனக்குப் போன் போடாதீக, டாக்டர்ட்ட ஓடுங்க. அதே மாதிரி, விடாம அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரலைன்னா ஓடுங்க. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அரை மணி, ஒரு மணி ஆகும், அது ஓய்வு. உள்ள குட்டி மிச்சம் இருந்தும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் நடக்கலைன்னா அது ஓய்வில்லை. ராத்திரியில எந்த ஆஸ்பத்திரி தொறந்திருக்கும்னு பகல்லயே விசாரிச்சு வைங்க. வலி ஊசியை எவனாவது தெரிஞ்சவன் வந்து போடுறேன்னா வாசல்லயே நிறுத்துங்க. குட்டி குறுக்க அடைச்சுக்கிட்டு நிக்கிறப்ப ஊசி போட்டா கர்ப்பப்பையே கிழிஞ்சுரும். டாக்டரு சோதிச்சுப் பாத்துத்தான் போடணும்.

மணியோட அந்த ரெண்டையும் நான் வளர்த்தேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியுறேன். வளர்த்தது ஒங்க அத்தை. ராத்திரியும் பகலும் மூணு மணிக்கொரு தரம் பாலு. நாய்ப்பாலு கெட்டி, பசும்பாலு அதுக்கு முன்னால வெறும் தண்ணி. டவுன்ல இருந்து குட்டிக்குன்னே விக்கிற பால்மாவு வாங்கியாரச் சொன்னா. கைப்புள்ளை மாதிரி மல்லாத்திப் போட்டுக் கொடுக்கக் கூடாது, பொறையேறிரும், குப்புறக் கிடக்கிற வாக்குல கொடுக்கணும்னு எனக்குக் கத்துக் கொடுத்தா. பாலு கொடுத்ததும் ஈரத்துணியால அடியில நீவி விடணும். தாய் நக்குற மாதிரி. இல்லாட்டி அந்த வயசுல குட்டிக்குத் தானா ஒண்ணுக்குக்கூடப் போகத் தெரியாது. அதுல ஒண்ணு சிப்பிப்பாறைக் கடுவனோட சேர்ந்து வந்த வம்சம்தான் ஒங்க ப்ரௌனி.

ஈன்ற பெறகு என்னங்கிறீகளா? ஏசியை நிறுத்துங்க. மொத வாரம் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது, குளிர்ந்தா அப்படியே சுருண்டுரும். ஒரு மூலையில குண்டு பல்பைத் தொங்க விடுங்க, 30 டிகிரிக்குக் கொறையாம இருக்கட்டும். சூடு போதும்னா நகர்ந்து படுக்க இன்னொரு மூலை இருக்கணும். மொத நாளே சீம்பாலு எல்லாத்துக்கும் கிடைச்சுதான்னு பாருங்க. ஒங்க வீட்டுக் கிச்சன் தராசுல தினம் நிறுத்துப் பாத்தா, பத்து நாள்ல எடை ரெட்டிப்பாகும். கண்ணு தொறக்க பத்துல இருந்து பதினாலு நாள். அதுக்கு முன்னால 'மாமா, எல்லாம் குருடு'ன்னு அழுவாதீக.

கால்சியம் டானிக் வாங்கி ஊத்துறீகளாமே இப்பவே? நிறுத்துங்க. சினையில வெளிய இருந்து அளவில்லாம ஊத்துனா, எலும்புல இருந்து எடுக்கிற வேலையை ஒடம்பு மறந்துரும். ஈன்று ரெண்டு மூணு வாரத்துல ஆறு குட்டியும் உறிஞ்சுறப்ப சுண்ணாம்புச்சத்து தீந்து, காலு வெறைச்சு, ஒடம்பு ஒதற ஆரம்பிச்சிரும். பசுவுக்குப் பால்சொரம் வர்ற மாதிரி. அப்படிக் கண்டா குட்டியைப் பிரிச்சுட்டு அந்த நிமிசமே டாக்டர்ட்ட போகணும்.

குட்டிக கலரைப் பாத்துட்டும் எனக்குப் போன் வரும், தெரியும். ரெண்டு செவலை, ரெண்டு கருப்பு, ரெண்டு புள்ளி. ஒரே ஈத்துல ரெண்டு மூணு தகப்பன் இருக்க நாய்க்கு வழி உண்டு மாப்ள. ஒங்க வாட்ச்மேன் பின்னாலயே சுத்துற அந்தக் கருப்பனை நான் பொங்கலுக்கு வந்தப்பவே பாத்தேன். அவன் என்னை மாமன் முறையில பாத்தான்.

யாராவது 'என்ன ஜாதி, பேப்பர் இருக்கா'ன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. 2005-ல நாய்க்குத் தபால்தலை போட்டாக, நாலு நாட்டு நாயி, அதுல ராஜபாளையம் இருக்கு. சிப்பிப்பாறையை விட்டுட்டாக. அந்தக் கோவத்துல நான் ரொம்ப நாளு கார்டே எழுதலை. எல்லாரும் கடுவன் குட்டிதான் கேப்பாக, கொடுத்திருங்க. எனக்கு ஒரு பொட்டைக்குட்டி. பேரு நானே வச்சுக்கிறேன். மணி.

அது கிடக்கட்டும், பின்னால என்ன அது, தகரத்துல பிறாண்டுற சத்தம்? எம் மகளையா கூப்பிடுறீக? மாப்ள, பீரோச் சாவி எங்க?