மானுக்கு ஒரு குண்டு, குழலுக்கு ஒரு வாளித் தண்ணீர்

அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்று முதன்முதலாக மசில்லோடர் வாங்கப் போகிறவர், "இது எவ்வளவு தூரம் சுடும்?" என்றுதான் கடைக்காரரிடம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி, "இதை எப்படிக் கழுவுவது?" என்பது. மசில்லோடர் வேறொன்றுமில்லை; நம் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அதே வகையறா. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்து, ஒரே ஒரு முறை சுட வேண்டும். நம் ஊரில் அதைத் தூக்கிக்கொண்டு மானைத் தேடிப் போனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மைத் தேடி வரும். அங்கே பல மாநிலங்கள் இந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே தனி வேட்டைக் காலம் ஒதுக்கியிருக்கின்றன. தோட்டா வந்ததும் உலகம் கைகழுவிவிட்ட கருவியை அவர்கள் கைகழுவவில்லை. அதனால் இன்றும் குழல் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

கழுவுவதை ஏன் தலையாய தகுதியாக வைக்க வேண்டும்? காரணம் மருந்திலேயே இருக்கிறது. கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். பற்றவைத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வாயுவாகிக் குண்டைத் தள்ளும்; மற்றதெல்லாம் உப்பும் கசடுமாக மிஞ்சும். அதில் ஒரு பகுதி வெண்புகையாகச் சுட்டவர் முகத்துக்கு முன்னால் திரை கட்டும். மான் விழுந்ததா ஓடியதா என்பது, புகை கலையும்வரை மானுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மறு பகுதி குழலுக்குள் ஒட்டிக்கொண்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அப்படியே போட்டு வைத்தால் துரு பிடிக்கும். துருவைவிட அவசரமான ஆபத்து இரண்டாவது குண்டில் இருக்கிறது. கசடு படிந்த குழலில் அது பாதி வழியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். குண்டு மருந்தின் தலையில் உட்காராமல் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆகவே ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் லேசாக ஈரமாக்கிய துணித்துண்டைக் கம்பி முனையில் செருகித் துடைக்க வேண்டும். சரியாக நிரப்பிய குழலில் கம்பி எதுவரை இறங்கும் என்று அதிலேயே ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். சுத்தம் இங்கே சோறு போடாவிட்டாலும் கைவிரல்களைக் காப்பாற்றும்.

இந்த அளவுகோலை வைத்து மூன்று வகைத் துப்பாக்கிகளையும் பார்க்கலாம். முதலாவது சிக்கிமுக்கிக் கல்லால் பற்றுவது. அழகில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குழலோடு, மருந்துக் கிண்ணியையும் பொறி போகும் ஊசித்துளையையும் சதா துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தூறல் விழுந்தால் வேட்டை முடிந்தது. இரண்டாவது, பக்கவாட்டுச் சுத்தியல் ஒரு சிறு செப்புத் தொப்பியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஹாக்கன் பாணி. பெரும்பாலும் ஓர் ஆப்பைத் தட்டினால் இதன் குழல் தனியே கழன்று வந்துவிடும். அடிப்பக்கத்தைச் சோப்பு கலந்த வெந்நீர் வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கம்பியை மேலிருந்து இறக்கி ஏற்றினால், தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஏறி இறங்கும். முதலில் மை போலக் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு தெளிவு; கூடவே அழுகிய முட்டை வாடை. வீட்டார் எதிர்ப்பு தொடங்கும் இடமும் இதுதான். மூன்றாவது இன்லைன். மிசூரிக்காரர் டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே-85 என்ற மாதிரிதான் இதைப் பரவலாக்கியது. பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருப்பதைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய சாதனை, பின்பக்க அடைப்பைக் கழற்ற முடிந்ததுதான். குழலின் இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்வரை வெளிச்சம் தெரிகிறது. அழுக்கு ஒளிய இடமில்லை. புதியவருக்கு இன்லைனே சரி என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

மரபுக்காரர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள்: "தொலைநோக்கி பொருத்திய இன்லைனைத் தூக்குவதற்கு நவீன ரைபிளையே தூக்கலாமே, தனிக் காலம் எதற்கு?" நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாங்குகிறவர் அல்லர், மாநில அரசு. அரசுகளும் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மசில்லோடர் காலம் 1974 முதல் சிக்கிமுக்கிக்காரர்களுக்கே உரியது. கொலராடோவின் மசில்லோடர் காலத்தில் இன்லைன் செல்லும். தொலைநோக்கி, பிளாஸ்டிக் உறையிட்ட குண்டு, வில்லையாக அழுத்திய மருந்து மூன்றும் செல்லாது. தயாரிப்பாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். 2020இல் வந்த நைட்ரோஃபயர் என்ற மாதிரியில் குண்டை வாய் வழியாகவும், மருந்தை அடைத்த குப்பியைப் பின்வழியாகவும் போடலாம். அதாவது, சமையல் பின்கட்டில், பரிமாறல் முன்கட்டில். சில மாநிலங்கள் இதை மசில்லோடர் என்று ஒப்புக்கொண்டன, சில மறுத்தன. ஆகவே கடைக்குப் போகுமுன் மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தைப் படித்துவிடுவது நல்லது.

அடுத்து மருந்து. இன்லைன் விளம்பரங்களில் 150 கிரெயின் மருந்து போடலாம் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 50 கிரெயின் வில்லைகள் மூன்று. போடலாம்தான், ஆனால் கசடு கூடும், உதை கூடும். நூறு கஜத்துக்குள் நிற்கும் வெண்வால் மானுக்கு 80 முதல் 100 கிரெயின் தாராளம். அதிகப்படி மருந்தின் பாதிப்பு மானின் தோளைவிடச் சுடுகிறவர் தோளுக்கே அதிகம். தூளாக வாங்கினால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வில்லையைத் தடுக்கும் மாநிலத்திலும் பயன்படும். அளவு என்பது எடையல்ல, கொள்ளளவு. அளவுக்குழாயில் அளந்தே ஊற்ற வேண்டும். குடுவையிலிருந்து நேராகக் குழலில் கவிழ்ப்பது தற்கொலைக்குச் சமம். சாதாரண ரைபிளுக்கான புகையற்ற மருந்தை இதில் போடுவது அதற்கும் மேல்.

குண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேர்ந்தெடுப்பது குழலுக்குள் இருக்கும் சுருள் வரி. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் குழல், துணி சுற்றிய ஈய உருண்டையை விரும்பும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டு அல்லது பிளாஸ்டிக் உறையிட்ட குண்டு. 48 அங்குலம் சம்பந்திச் சண்டையில் நடுவர் மாதிரி. இரு தரப்பையும் சமாளிக்கும், ஒரு தரப்பையும் முழுதாக மகிழ்விக்காது. அரை அங்குலக் குழல், அதாவது .50 காலிபர், எங்கும் கிடைக்கிறது; குண்டுக்கு அலைய வேண்டாம்.

"துருப்பிடிக்காத எஃகில் வாங்கிவிட்டால் கழுவ வேண்டாமே?" என்பார்கள் சிலர். அந்த எஃகும் துருப்பிடிக்கும், கொஞ்சம் நிதானமாக. "பிளாக்ஹார்ன் 209 என்ற மாற்று மருந்தைப் போட்டால் வெந்நீரே வேண்டாமே?" என்பது இன்னும் வலுவான வாதம். அது குறைவாகவே கசடு விடும், வெடிக்கு வெடி துடைக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் விலை கூடுதல். ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமர் இல்லாமல் ஒழுங்காகப் பற்றாது. அந்தப் பிரைமரை அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு. அடைப்பின் தீத்துளையில் கரி கெட்டியாகப் படிவதால், வாளிக்குப் பதில் துளையிடும் ஊசியும் கரைப்பானும் தேவைப்படும். வேலை குறையும், ஒழியாது.

ஆகவே, சட்டம் தடுக்காத இடத்தில் புதியவருக்கு என் தீர்ப்பு: .50 காலிபர் இன்லைன், கையால் கழற்றக்கூடிய அடைப்பு, 28 அங்குலச் சுருள், 80இல் தொடங்கும் தூள் மருந்து, அதற்கு ஒத்துப்போகும் ஒரே வகைக் குண்டு. மிச்சக் காசில் வேட்டைக்கு முன் நிறையச் சுட்டுப் பழகவும். இரண்டாவது வாய்ப்பு இல்லாத துப்பாக்கி இது. அரைகுறையாக அடிபட்ட மான் படும் பாட்டுக்கு மரபும் விளம்பரமும் பொறுப்பேற்காது. இவ்வளவு கழுவ யாரால் முடியும் என்று சலித்துக்கொள்கிறவர் வில்லையும் அம்பையும் எடுத்துக்கொள்ளலாம்; அதற்கும் அங்கே தனி வேட்டைக் காலம் இருக்கிறது.